பூக்காத ஒட்டு மாமரம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரர் பதுளைச் சந்தையிலிருந்து ஒரு ஒட்டு மாங்கன்று வாங்கிவந்து, லுணுகலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு, அதாவது வரிசை வீட்டுக்குப் பின்னால் நட்டார். மூன்றே வருடத்தில் பூக்கும் என்று விற்றவன் சொன்னானாம். அடுத்த மாதமே மலையில் வேலை செய்யும்போது அவர் விழுந்தார். ஒரு பக்கம் கையும் காலும் வரவில்லை. அதோடு படுக்கைதான்.

அந்தக் குழப்பத்தில் நான் ஆட்டைக் கட்ட மறந்தேன். அது கன்றின் தலையைத் தின்றுவிட்டது. ஒட்டுப்போட்ட முடிச்சுக்குக் கீழே ஒரு சாண் குச்சிதான் மிச்சம். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சில வாரத்தில் குச்சியில் துளிர் வந்ததும், பிழைத்துக்கொண்டது என்று இருந்துவிட்டேன். சாணமும் சாம்பலும் போட்டு வளர்த்தேன். கூரைக்கு மேலே போனது. பூ மட்டும் இல்லை.

படுக்கையிலிருந்து பின்பக்கம் தெரியாது. தை பிறந்தால் தினமும் கேட்பார். பூத்தால் தன்னைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தடியில் உட்காரவைக்க வேண்டும் என்பார். அவர் வேறு எதையும் கேட்டதில்லை.

ஆறேழு வருடம் கழித்து, மரக்கறித் தோட்டம் பார்க்க யாழ்ப்பாணத்து விவசாய போதனாசிரியர் ஒருவர் வந்தார். கூச்சப்பட்டுக்கொண்டே கூட்டிப்போய்க் காட்டினேன். அடித்தண்டைத் தடவிப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் நட்ட மரம் இது இல்லை. மேல ஒட்டினது அப்பவே செத்துப்போச்சு. இது கீழ்க்கன்று. இதுக்குப் பூக்கிற வயசு இன்னும் வரேல்லை."

மேலே ஒட்டுவது காய்த்த மரத்தின் கிளையாம். குச்சியாக இருந்தாலும் அது வயதுக்கு வந்ததுதானாம். கொட்டையில் முளைத்த கீழ்க்கன்று எத்தனை உயரம் போனாலும், அதன் பிறவியில் உள்ள காலம் வந்தால்தான் பூக்குமாம். எப்போது என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

நான் வீட்டில் சொல்லவில்லை. அந்தப் பொங்கலுக்கு மறுநாள் மரத்தை மிரட்டச் சொன்னார் அவர். பூக்காத மரத்தை ஒருவர் வெட்ட வருவார், இன்னொருவர் பிணை நிற்பார். எங்களிடம் அது வழக்கம். பக்கத்து வீட்டுக்காரி தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியோடு வந்தாள்.

"பூக்கலைன்னா இன்னைக்கே அடியோட வெட்டிப்புடுவேன்."

பிணை நிற்க வேண்டியவள் நான். வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன்.

"சத்தமா சொல்லு புள்ள, மரத்துக்குக் கேக்கணும்" என்றார் உள்ளேயிருந்து.

"மரத்துக்குக் காது நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஒங்க பொஞ்சாதிக்குத்தான் வாயில்லை" என்றாள் அவள்.

"வெட்டாதீங்க, வர்ற வருசம் பூக்கும்" என்றேன். தெரிந்தே சொன்னேன். அவர் உள்ளே சிரித்தது கேட்டது.

வந்த வருடம் அவர் இல்லை. மரமும் பூக்கவில்லை. பிறகு லயத்தை உடைத்தபோது வெட்டிவிட்டார்கள்.

போதனாசிரியர் சொன்னதை நான் சரியாகப் பிடித்தேனா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். ஆடு கடித்த அன்றைக்கே வேறு ஒட்டுக்கன்று வாங்கி நட்டிருந்தால் அவர் இருக்கும்போதே பூத்திருக்குமா என்பதையும் சொல்லுங்கள்.