திமிங்கலம் சாப்பிட்டதை நான் சொல்லவில்லை

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் விலங்கியல் ஆசிரியர். கடலை இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். திமிங்கலத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கூன்முதுகுத் திமிங்கலத்தின் தாய்மையைப் பற்றி அந்த வட்டாரத்தில் என்னைவிட அதிகம் பேசியவர் கிடையாது.

காரணம் எங்கள் அடுப்படியில் இருந்தது. மனைவிக்கு இரண்டாவது பிரசவம் எங்கள் வீட்டிலேயே ஆனது. பத்தியம் அம்மாவின் ஆட்சி. பகலில் ஒரு பிடி சோறும் பூண்டுக் குழம்பும், ராத்திரி அதில் பாதி. தண்ணீர்கூட அளந்துதான்.

"பசி காதை அடைக்குதுங்க. பாலே ஊறல. புள்ள அழுதுகினே கீது. நீங்க படிச்சவரு, உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள் மனைவி.

அம்மாவிடம் பேசுவது கஷ்டம். மனைவியிடம் பேசுவது சுலபம். பள்ளி நூலகத்து ஆங்கிலப் பத்திரிகையில் படித்ததை அவளுக்கு எடுத்துரைத்தேன். இந்தத் திமிங்கலம் குட்டி போட வெதுவெதுப்பான கடலுக்கு வருகிறது. அங்கே மாதக்கணக்கில் ஒன்றும் தின்பதில்லை. அப்படியும் குட்டிக்குப் பால் குறைவதில்லை. குட்டி கொழுக்கும், தாய் இளைக்கும், முணுமுணுக்காது. அந்தக் கடைசிச் சொல் பத்திரிகையில் இல்லை, நான் சேர்த்தது.

கதவோரம் நின்று கேட்ட அம்மா அன்றைக்கே விஞ்ஞானத்தை ஏற்றுக்கொண்டாள். "பாத்தியா, மீனுக்கே பத்தியம் கீது" என்று தெரு முழுக்கச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, கடற்கரைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கூடை கொண்டுவரும் மீன்காரம்மா வாசலில் வந்து நின்றாள். கூடையில் பால்சுறா.

"புட்டு பண்ணிக் குடும்மா. பெத்தவளுக்குப் பாலு பொங்கும்."

அம்மா திமிங்கலத்தைச் சொல்லி மறுத்தாள். மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது இன்னா வாத்தியாரே, மாமியார் வூட்லயா பெத்துக்கிச்சு? செரி, ஒண்ணு சொல்லு. வர்றதுக்கு முன்னாடி அது இன்னா துன்னுச்சு?"

மனைவி குழந்தையோடு நிலைப்படிக்கு வந்து என் முகத்தையே பார்த்தாள்.

எனக்குத் தெரியும். அதே பக்கத்தில் இருந்தது. கோடை முழுக்கக் குளிர்ந்த கடலில் தின்பதுதான் அதன் வேலை. நீருக்கடியில் குமிழி விட்டுக்கொண்டே வட்டமிட்டு, மீன்கூட்டத்தை வளைத்து, வாயைத் திறந்து மொத்தமாக விழுங்கும். அந்தக் கொழுப்புதான் பிறகு பாலாகிறது. என் மனைவியோ வயிற்றுப் பிள்ளையோடு இருந்த மாதங்களிலும் எல்லோரும் உண்டு எழுந்தபின் மிஞ்சியதைத்தான் தின்றாள். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லியிருந்தால் சுறா அடுப்பேறியிருக்கும்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

"அது வேற பாடம்" என்றேன்.

"ஆமா, பரிச்சைல அத்த கேக்கமாட்டாங்கோ" என்று மீன்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் பால் நின்றுபோயிற்று. பால்மாவு டப்பா வாங்கி வந்து, எவ்வளவு வெந்நீருக்கு எத்தனை கரண்டி என்று மனைவிக்கு விளக்கமாகக் கற்பித்தேன். சொன்னபடியே அளந்து கலக்கினாள். அதற்கப்புறம், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அவள் கேட்டதே இல்லை. வீட்டில் அமைதி வந்துவிட்டது என்று நான் ரொம்ப வருஷம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.