பேனாவால் எழுதிய சீட்டு

கல்லூரி ஆய்வகத்தில் நான் உதவியாளர். மாதம் ஒருமுறை ஏரிக்குப் போய், மெல்லிய வலையை இழுத்து, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பாட்டிலில் பிடித்துவர வேண்டும். பரிசல் ஓட்டுபவர் நீலசந்திரா என்ற ஊர்க்காரர். ஏரியில் மீன் வளர்க்கும் குத்தகையும் அவருடையதுதான். பிடித்தவை கெடாமலிருக்கப் பாட்டிலில் ஸ்பிரிட் ஊற்றுவதால், உள்ளே போடும் தேதிச் சீட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். பேனா மை கரைந்துவிடும். இதைச் சொல்லிச் சொல்லி, புதிதாக வரும் மாணவர்களைப் பரிசலிலேயே வறுத்தெடுப்பேன்.

போன வருஷம் நானே இரண்டு முறை பேனாவால் எழுதித் தொலைத்தேன்.

கோடைப் பாட்டிலும் முதல் மழைக்குப் பிந்தைய பாட்டிலும் வெற்றுச் சீட்டோடு நின்றன. ஒன்றில் நீர்த்தெள்ளுகள், தண்ணீர் நன்றாக இருந்தால் அவை இருக்கும். இன்னொன்று முழுக்க, சாக்கடை கலந்தால் பெருகும் ரோட்டிஃபர்கள். வெயிலில் ஏரி கெடும், மழையில் தெளியும் என்றுதானே படித்திருக்கிறோம்? தெள்ளு இருந்ததை மழைப் பாட்டில் என்று எழுதிவைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த வருஷம் மழைக்கு முன் பரிசல்காரர் கேட்டார்: “முதல் மழைக்கே மீன்குஞ்சு உட்டுடலாமாக்கா? உங்க பாட்டில் என்ன சொல்லுது?”

“போன வருஷம் மழைக்கப்புறம் தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. விடுங்கண்ணா.”

விட்ட மூன்றாம் நாள் குஞ்சுகள் செத்து மிதந்தன. கேள்விப்பட்டதும் ஆய்வகத்துக்கு ஓடினேன். பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். மழை நாள் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: ‘மூடியில் விரிசல், நூல் சுற்றியது.’ அலமாரியில் நூல் சுற்றியிருந்தது ரோட்டிஃபர் பாட்டில். மழை ஏரியைக் கழுவவில்லை. ஊர்ச் சாக்கடையை அடித்துவந்து கொட்டியிருக்கிறது. பேராசிரியரிடம் அன்றே ஒப்புக்கொண்டேன். பரிசல்காரரிடம் சொல்லத்தான் நா எழவில்லை.

அடுத்த முறை அவரே ஆறுதல் சொன்னார். “மழை பண்ண வேலைக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க?”

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடு ஏரியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துடுப்பை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வலையை இழுத்து, தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றினேன். சீட்டைப் போட்டு மூடப் போகும்போதுதான் வாயைத் திறந்தார்.

“பென்சில்ல எழுதினீங்களா?”