வேம்புலியம்மாளும் மின்துளையும்

பூந்தமல்லிப் பேருந்து வருவதற்குள் வேம்புலியம்மாள் மூன்று டையோடுகளின் கால்களை மடக்கி முடித்திருந்தார். யாரும் மடக்கச் சொல்லவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து, நிறுத்தத்து நிழலில் நின்றபடி, கழித்துப் போட்டதில் கைப்பைக்குள் வந்து சேர்ந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மடக்குகிறார். டையோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுகிற, மிளகைவிடச் சற்று நீளமான கறுப்பு உருளை. இரு முனையிலும் கம்பிக் கால், ஒரு முனையில் மட்டும் வெள்ளிக் கோடு. எல்.இ.டி. விளக்குக்கான பலகையில் அதைக் கோடு பார்த்துச் செருகுவதுதான் பதினேழு ஆண்டுகள் அவர் பார்த்த வேலை. இப்போது அவர் நீலக் கோட்டு அணிந்த தர ஆய்வாளர். செருகுவதில்லை, மற்றவர்கள் செருகியதைச் சரிபார்க்கிறார். விரல்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

சென்னீர்குப்பத்தில் அவர் வீட்டுக் கொண்டை ஊசிகள் எல்லாம் ஒரே அகலத்தில் விரிந்து கிடக்கும். கல்யாண வீட்டில் குளிர்பானம் கொடுத்தால் முதலில் உறிஞ்சுகுழலின் இரண்டு முனையையும் சமமாக மடக்குவார். பிறகு குடிக்க முடியாமல் இன்னொன்று கேட்பார்.

மனிதர்களையும் அவர் கோடு பார்த்துத்தான் எடை போடுவார். "அந்தாளு டையோடு மாறி. வாங்கிப்பாரு, குடுக்க மாட்டாரு" என்றால் அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது. "எங்க ஊட்டுக்காரும் டையோடுதான். நாம சொல்றது உள்ள போவும், பதிலு வெளிய வராது." உண்மையில் கணவர் துலுக்கானம் நல்ல பேச்சுக்காரர். ஐயப்பன்தாங்கல் பணிமனையில் பேருந்து கழுவுகிற அவருக்கு, வீட்டில் முறை வருவதற்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் டையோடுக்குள் என்ன நடக்கிறது என்று அண்மைக்காலம் வரை வேம்புலியம்மாளுக்குத் தெரியாது. முதல் தடவை ஆய்வாளர் பதவிக்கு நேர்முகத் தேர்வு வைத்தார்கள். உற்பத்தி மேலாளர் உலகநாதன், "டையோடு எப்படிம்மா வேலை செய்யுது?" என்று கேட்டார்.

"நல்லா செய்யுது சார்" என்றார் இவர்.

அறையே சிரித்தது. பதவி ஹேமநாதனுக்குப் போனது. ஹேமநாதன் இவருக்கு ஒன்பது ஆண்டுகள் இளையவர். சேர்ந்த புதிதில் அவர் தலைகீழாகச் செருகிய டையோடுகளைப் பிடுங்கித் திருப்பிச் செருகியவர் இவர்.  மறுநாள் வேம்புலியம்மாள் அதே வேகத்தில் கால் மடக்கினார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி அறிவிப்பு ஒட்டப்பட்டபோது, தென்காசியிலிருந்து வந்திருந்த பயிற்சிப் பொறியாளர் நிவேதிதாவைச் சாப்பாட்டு வேளையில் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் எலுமிச்சை சாதத்தை ஓரம் தள்ளிவிட்டு விளக்கினாள். டையோடுக்குள் இருப்பது சிலிக்கான். அதன் அணுவுக்கு நான்கு கை. பக்கத்து நால்வரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஐந்து கைக்கார பாஸ்பரசைக் கொஞ்சம் கலந்தால் ஓர் எலக்ட்ரான் மிச்சம். மூன்று கைக்கார போரானைக் கலந்தால் ஓர் எலக்ட்ரான் குறை. அந்தக் குறைக்கு மின்துளை என்று பெயர். அதுவும் நகரும், மின்சாரத்தைச் சுமக்கும்.

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த வேம்புலியம்மாள் டப்பாவை மூடினார்.

"இல்லாதது எப்டி கண்ணு நடக்கும்?"

"அது நெசமா ஒரு பொருள் இல்லக்கா. அப்படி வச்சுக்கிடணும்."

"நீ வச்சுக்கோ. எனக்கு வேணாம்."

பதினொரு நாள் அந்தத் துளையோடு சண்டை. பேருந்தில், வரிசையில், துணி துவைக்கையில். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துகொண்டு போனால் போதும் என்றாள் நிவேதிதா. "புரியாததச் சொல்லிட்டு, அந்தாளு இன்னொன்னு கேட்டா? திரும்பச் சிரிப்பாங்க" என்றார் இவர். அந்தச் சிரிப்பு இரண்டு ஆண்டுகளாக அவர் காதிலேயே இருந்தது என்பது நிவேதிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் டீ போடச் சர்க்கரை இல்லை. பக்கத்து வீட்டுப் பத்மாவிடம் போய் ஒரு டம்ளர் வாங்கி வந்தார். பத்மா டப்பாவைத் தட்டிக் கவிழ்த்துக் கொடுத்திருந்தார். டீ கொதிப்பதற்குள், பத்மா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிச் சர்க்கரை கேட்கும் குரல் வந்தது.

துலுக்கானம் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தது.

"இன்னாமே, நம்ம ஊட்டு 'இல்ல' தெருவுல நடந்து போய்னு கீது பாரு."

வேம்புலியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். "இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு."

சொன்னார்.

"சக்கர இந்தாண்ட வந்துச்சு. 'இல்ல' அந்தாண்ட போய்ட்சு." இரண்டு கையையும் எதிரெதிராக நீட்டியபடி அவர் நின்ற நேரத்தில் டீ பொங்கி அடுப்பை அணைத்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. துலுக்கானம்தான் துடைத்தார்.

துளை அடங்கியதும் மற்றதெல்லாம் சொன்னபடி கேட்டது. மிச்சக்காரர்களையும் குறைக்காரர்களையும் ஒட்டவைத்தால், ஒட்டுகிற இடத்தில் மிச்சம் குறையை நிரப்பி, இரண்டும் தீர்ந்துபோய் நடுவில் ஒரு காலி நிலம் உண்டாகும். நிவேதிதாவின் குறிப்பேட்டில் அதற்கு இயக்கமில்லாப் பகுதி என்று பெயர். வேம்புலியம்மாள் 'ஆளில்லாத எடம்' என்பார். ஒரு பக்கமாக மின்னழுத்தம் கொடுத்தால் அது சுருங்கி வழி விடும். மாற்றிக் கொடுத்தால் அகன்று, வழியை அடைத்துவிடும். இதற்காகத்தானா பதினேழு வருடம் கோடு பார்த்துச் செருகினோம் என்று அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

தேர்வு, மேலாளர் அறையில் நடந்தது. சுவரோரம் வரிசையாக ஆறு நாற்காலி. கதவுப் பக்கத்திலிருந்து உலகநாதனும் நான்கு அதிகாரிகளும். ஜன்னலோரக் கடைசி நாற்காலி காலி. பலகையில் செருகும் ஆபரேட்டர்கள் கதவருகே நின்றுதான் பேசுவார்கள். அப்படி விதி எதுவும் இல்லை. உட்காருங்கள் என்று யாரும் சொன்னதுமில்லை.

அதே கேள்வி வந்தது. வேம்புலியம்மாள் சர்க்கரையில் ஆரம்பித்தார். ஓர் அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார்.

"சக்கரைக் கதை வேணாம்மா. மின்துளைன்னா என்ன, அத மட்டும் சொல்லுங்க" என்றார் உலகநாதன்.

வேம்புலியம்மாள் வரிசையை ஒருமுறை பார்த்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஜன்னலாண்ட ஒண்ணு காலியா கீது. அந்தக் கடைசி சார்லேர்ந்து ஒவ்வொருத்தரா அதுல நவுந்து குந்துங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உலகநாதன் தலையசைத்தார். கடைசி அதிகாரி ஜன்னலோரம் நகர்ந்தார். அவர் விட்டதில் அடுத்தவர், அவர் விட்டதில் அதற்கடுத்தவர். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு உலகநாதனும் ஓர் இடம் நகர்ந்தார்.

"நீங்கல்லாம் ஜன்னலாண்ட போனீங்க. காலி கதவாண்ட வந்துட்சு. அத யாரும் தூக்கியாரல. அதான் சார் மின்துளை."

யாரும் சிரிக்கவில்லை. உலகநாதன் எதையோ எழுதப்போய், பேனாவை நிறுத்தினார்.

"சரி. திருப்பிப் போட்டா ஏன் மின்சாரம் போகமாட்டேங்குது?"

"சொல்றேன் சார்" என்ற வேம்புலியம்மாள், தன் பக்கம் வந்து சேர்ந்திருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.