மூன்றாம் நாள் வருகைப் பதிவு

பாளையங்கோட்டையில் ஓர் ஓய்வூதிய வாரியத்தின் அலுவலகத்தில் நான் பயிற்சி அலுவலராக இருந்தேன். வாரியத்துக்குப் புதிதாக வரும் உறுப்பினர்கள் மூன்று நாள் பயிற்சியில் முழுதாக உட்கார்ந்து சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு வகுப்பு தவறினாலும் பதவி போய்விடும். அடுத்தவர்களின் முதுமைக்குப் பொறுப்பேற்கிறவர்கள் சட்டம் தெரியாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று வந்த விதி. நல்ல விதிதான். அதை வைத்துக்கொண்டு ஓர் அம்மாவுக்கு நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த அம்மா ராதாபுரம் பக்கம். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியர்கள் ஓட்டுப் போட்டு அவரைத் தங்கள் பிரதிநிதியாக அனுப்பியிருந்தார்கள். விடியும் முன்பே கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்து, முன்வரிசையில் உட்கார்ந்தார்.

முதல் நாள், குடும்ப ஓய்வூதியத்துக்கு என்னென்ன தாள் வைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையைத் தூக்கினார்.

"ஐயா, அந்தக் கடைசித் தாள இப்பக் கேக்கது இல்லய்யா. போன வருசமே எடுத்துட்டாவல்லா."

அவர் சொன்னது சரி. நான் பழைய குறிப்பையே வாசித்துக்கொண்டிருந்தேன். பத்துப் பேர் முன்னால் முகம் சூடாகிவிட்டது. திரையில் முதலீட்டு விதிகள் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தன. "இவ்வளவு தெரிஞ்சிருக்குல்லா. எந்திச்சு இதக் கொஞ்சம் வாசிங்க" என்றேன்.

அவர் எழுந்தார். "எனக்கு இங்கிலீசு வராதுய்யா. தமிழ்ல சொன்னியன்னா புரிஞ்சுக்கிடுவேன்."

"வாரியத்துக்கு வார கடுதாசி எல்லாம் இங்கிலீசுலதான் வரும். வாசிச்சுச் சொல்ல யாரக் கூட்டிட்டு வருவிய?"

எல்லோரும் சிரித்தார்கள். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் அவரும் உட்காரவில்லை. அந்தப் பாடம் முடியும்வரை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றி மாற்றி நின்றார். அதே பாடம் தமிழில் அச்சிட்ட புத்தகமாக என் பீரோவில் கட்டுக் கட்டாக இருந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், உறுப்பினர்களில் ஒருவரான ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி என் காதருகே வந்தார். "வீட்டுல எல்லாரும் திருச்செந்தூருக்குக் கிளம்பி நிக்காவ. நான் இருந்ததா எழுதிக்கிடும் வே" என்றார். எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அந்த அம்மாவைக் காணவில்லை. நாற்பது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சேலையெல்லாம் புழுதி.

"நாங்குநேரி தாண்டி பஸ் பழுதாயிட்டுய்யா. கொஞ்ச தூரம் நடந்து, ஒரு லோடு வண்டியில ஏறி வாரேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்து டிக்கெட்டை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "அரை மணி நேரத்துக்கு மேல போனா ஆப்சென்ட்டும்மா. போட்டாச்சு."

"சாயங்காலம் எவ்வளவு நேரம்னாலும் உக்காந்து படிக்கேன்யா. அடுத்த பயிற்சிக்குன்னாலும் வாரேன்."

"விதி என்னன்னு மொத நாளே சொன்னேன்லா. வெளிய போங்க, பாடம் நடக்கு."

அவர் அந்த அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். முந்தின நாள் அதிகாரி பாதியில் கிளம்பிப் போனதை அறையில் இருந்த எல்லோரும் பார்த்திருந்தோம். அந்த அம்மா அதைச் சொல்லிவிடுவாரோ என்று நான் பதிவேட்டை மூடினேன். அவர் டிக்கெட்டை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

பதவியைப் பறிக்க வேண்டாம் என்று பிறகு மனு கொடுத்தார். விசாரணையில் நான் வருகைப் பதிவேட்டை வைத்தேன். பதிவுகள் எல்லாம் ஒழுங்காக நடந்தனவா என்று உறுப்பினர்களைக் கேட்டார்கள். "எல்லாம் முறையாத்தான் நடந்துச்சு" என்று முதலில் சொன்னவர் அந்த அதிகாரிதான். மனுவைத் தள்ளினார்கள். மறுபடி ஓட்டுக்கு விடாமல், வாரியமே அந்த அம்மாவின் இடத்தில் வேறொருவரை நியமித்தது.

உத்தரவு வந்த வாரம், பயிற்சியில் கொடுத்த பையையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுக்க வந்தார். பையைத் துவைத்து மடித்திருந்தார்.

"எனக்கு ஓட்டுப் போட்டவுகட்ட என்னன்னு சொல்லட்டும்யா?"

நான் ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டே, "லேட்டா வந்தேன்னு சொல்லுங்க" என்றேன்.

அடையாள அட்டையைப் பையின் மேல் வைத்தார். பிறகு, "சரிய்யா" என்றார். படியிறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு பைய இறங்கினார்.

அடுத்த ஆண்டு புதிய உறுப்பினர்களுக்குப் பயிற்சி நடந்தது. நேரம் தவறக்கூடாது என்பதற்கு உதாரணமாக அந்த அம்மாவின் கதையைத்தான் சொன்னேன். புழுதிச் சேலையையும், முந்தானையிலிருந்து எடுத்த டிக்கெட்டையும் நடித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள். சிலர் குறித்துக்கொண்டார்கள். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு பயிற்சியிலும் அதைச் சொன்னேன்.