கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

அலுவலகத்தில் அவளுக்கு ‘டெம்ப் அக்கா’ என்று பட்டப்பெயர். புரோகிராம் எழுதும்போது எதற்கும் உருப்படியாகப் பெயர் வைக்கமாட்டாள். டெம்பரரிதானே, இப்போதைக்கு இருக்கட்டும் என்று டெம்ப்1, டெம்ப்2 என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். பெற்ற மகளே ஒன்றரை வயதுவரை வெறும் பாப்பாதான்.

முதியோர் இல்லம் ஒன்றுக்கு மாத்திரைக் கணக்கு பார்க்கும் செயலியை இரண்டு வருடம் உழைத்து எழுதியிருந்தாள். அங்கே ஒரு தாத்தாவுக்கு மூன்று நாளாக ரத்த அழுத்தம் இறங்கவில்லை. திரையிலோ எல்லா வேளைக்கும் ‘முடிந்தது’.

ஹெட் நர்ஸ் போனில் வெடித்தார். “சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணும்மா. இல்லேன்னா நாங்க பழைய நோட்டுக்கே போயிடுவோம்.”

அடித்துப் பிடித்து ஓடினாள். அங்கே செயலி ஓடும் டேப்லெட் திரையின் ஓரமெல்லாம் பேனாவால் எழுதி ஒட்டிய பிளாஸ்திரி. ‘நிலை 1’ பட்டன் பக்கத்தில் ‘கையில குடுத்தாச்சு’. ‘நிலை 2’ பக்கத்தில் ‘முழுங்கியாச்சு’. மூன்றாவது பிளாஸ்திரி அந்தரத்தில் நின்றது: ‘கன்னத்துல ஒதுக்கிட்டார்.’

“இதுக்கு எந்தப் பட்டன்?”

“நீங்கதான் வைக்கவே இல்லையே! நிலை ரெண்டையே அமுக்கிடுவோம்” என்றாள் காலை நேர உதவியாள். “நம்ம அணில் இருக்காரே, ஆள் நகர்ந்ததும் பூந்தொட்டில துப்பிடுவார்.”

கன்னத்தில் ஒதுக்குவதால் அந்தத் தாத்தாவுக்கு அவர்கள் மறைவில் வைத்த பட்டப்பெயர் அணில். முன்பு அவர் வேலையை நோட்டில் எழுதி வைப்பார்கள். மாலையில் வருபவள் படித்துவிட்டு உஷாராக இருப்பாள். இப்போது திரை சொன்னதை நம்பினாள். மூன்று நாளாகச் செடிக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கிறது.

தப்பு பிடிபட்ட சந்தோஷத்தில் டெம்ப் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கொடுப்பது வேறு, முழுங்குவது வேறு! எந்த நிலையை அமுக்கினாலும் இரண்டும் டெம்ப்4-க்குள் ஒன்றாக விழுந்து ‘முடிந்தது’ என்றே காட்டின. மருந்து அறையிலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மடிக்கணினியைத் திறந்தாள். டெம்ப்4 ‘குடுத்தாச்சு’, ‘முழுங்கியாச்சு’ என்று இரண்டாகப் பிரிந்தது. டெம்ப்7 ‘நாக்கைத் தூக்கிப் பார்த்தாச்சா’ ஆனது. ஒவ்வொரு பெயருக்கும் கெக்கெக்கே என்று சிரித்தாள்.

“அக்கா, ‘பொடிக்கக் கூடாது’ன்னு ஒண்ணு வைங்க! புதுசா வர்றவங்க எல்லாத்தையும் சூப்புல கரைச்சிடுறாங்க” என்றாள் உதவியாள்.

“வச்சாச்சு! அடுத்தது சொல்லு!”

மாலை மாத்திரை வந்தது. தாத்தா வாங்கிப் போட்டுக்கொண்டு பச்சைப் பிள்ளை மாதிரி புன்னகைத்தார். மாலை நேர உதவியாள் ‘கன்னத்துல ஒதுக்கிட்டார்’ என்ற புதுப் பட்டனை அமுக்கினாள். திரை சிவந்தது: ‘அணில் எச்சரிக்கை.’

தாத்தா எட்டிப் பார்த்தார். “யாரு அணிலு?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்தான் திறந்தார்; தண்ணீர் கேட்டு வாங்கி, முழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினார்.

ஹெட் நர்ஸ் பழைய நோட்டை எடுத்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினார்.