மினோவாவின் இடது தோள்

மினோவா விலகுவதில்லை. இசோமுரா மீன் சந்தைத் தெருவில் எதிரே சைக்கிள் வந்தால் ஊரே ஓரம் ஒதுங்கும். அவர் மட்டும் நின்ற இடத்தில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடது தோளைக் கொடுப்பார். பனிக்கட்டி ஏற்றிய தள்ளுவண்டி, காற்றில் அறையும் கதவு, அவசரக்காரர்களின் குடைக் கம்பி எல்லாம் அந்தத் தோளில்தான் வந்து இறங்கும். போன மாதம் தபால்காரரின் மொபெட் வந்து மோதியதில் உடைந்தது மொபெட்டின் கண்ணாடிதான். பதறி இறங்கிய தபால்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இடுப்பு வரை குனிந்தார். மினோவா இடது கையை நெஞ்சளவுக்கு உயர்த்திக் காற்றை இரண்டு தட்டுத் தட்டினார். பரவாயில்லை என்று பொருள். அன்று மாலை வரை அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை இருந்தது.

வயது அறுபத்து நான்கு. பேஸ்பால் அரங்கின் கிழக்கு வாசலுக்கு எதிரே பந்து விற்கிறார். பந்து என்றால் மாவுப் பந்து. குழிப்பணியாரச் சட்டி போன்ற இரும்புத் தட்டில் மாவை ஊற்றி, குழிக்கு ஒரு துண்டு ஆக்டோபஸ் போட்டு, கூர்முனைக் குச்சியால் உருட்டி உருட்டி எடுப்பது. "முன்னாடி பந்து என்னைப் புரட்டுச்சு. இப்ப நான் பந்தைப் புரட்டறேன்" என்று ஒவ்வொரு புது வாடிக்கையாளரிடமும் சொல்வார். அந்தச் சமயங்களில் மனைவி சயோகோவுக்கு உள்ளே வெங்காயத்தாள் நறுக்கும் வேலை வந்துவிடும்.

இசோமுரா நாரைகள் அணிக்கு மினோவா ஒன்பது பருவங்கள் ஆடினார். அடிப்பதில் சுமார், ஓடுவதில் சுமாருக்கும் ஒரு படி கீழே. ஆனால் பிட்சர் வீசும் பந்து உடம்பில் பட்டுவிட்டால், பேட்டர் ஓடவே வேண்டாம், நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம் என்று ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. மினோவா அந்த விதிக்குள் குடியேறினார். ஒரே பருவத்தில் இருபத்திரண்டு முறை அடி வாங்கினார். நாரைகளில் அவருக்கு முன்னும் பின்னும் அப்படி யாரும் வாங்கியதில்லை. வேண்டுமென்றே தோளை நீட்டுகிறார் என்று எதிரணிகள் புகார் சொன்னதுண்டு. அதற்கு அவருடைய பதில் இன்றும் அதே பதில்தான்: "நான் போய் இடிக்கல. அது வந்துச்சு. நான் இருந்தேன். அவ்ளோதான்."

அரங்கின் நடைபாதைச் சுவரில் நாரைகளின் சாதனைப் பலகை இருக்கிறது. ஹோம் ரன் மன்னன், அதிக வெற்றி கண்ட பிட்சர், தங்கக் கையுறை விருது வாங்கியவர்கள், ஆண்டின் சிறந்த புதுமுகம் என்று பித்தளைத் தகடுகளில் ஊரே மனப்பாடமாகச் சொல்லும் பெயர்கள். கடைசி வரிசையில், தீயணைப்புக் கருவிக்கு மேலே, மினோவா. படித்துக்கொண்டே வருகிறவர்கள் மரியாதையான முகத்தோடு வந்து, அந்த இடத்தில் சிரித்துவிட்டுப் பக்கத்துக் கழிப்பறைக்குள் நுழைவார்கள். ஆட்டம் உள்ள நாளில் மினோவாவும் அந்தக் கழிப்பறைக்குத்தான் போவார். கடைக்குப் பின்னால் நல்ல கழிப்பறை ஒன்று இருக்கிறது.

உடம்பில் பட்ட பந்துக்குப் பெயர் ஷிக்யூ, சாவுப் பந்து. பிட்சர் நான்கு பந்துகளைத் தாறுமாறாக வீசினாலும் பேட்டர் முதல் தளத்துக்கு நடக்கலாம். அதற்கும் பெயர் ஷிக்யூ, நான்கு பந்து. எழுத்து வேறு, ஓசை ஒன்று. அந்தக் காலத்து வானொலி அறிவிப்பாளர் கண்ணியமானவர், இரண்டையும் பிரித்துக் காட்டும் கொச்சைப் பெயர்களைச் சொல்லமாட்டார். "மினோவா, ஷிக்யூ" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கல்யாணமான புதிதில் மலையோரத்துத் தாய் வீட்டிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்த சயோகோ, தமக்கு வாய்த்தவர் மகா பொறுமைசாலி, நான்கு பந்தையும் தொடாமல் நிற்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிப் பூரித்தார். பருவம் முடிந்து கணவர் வீடு வந்து, குளியலறையில் முதுகு தேய்க்கக் கூப்பிட்டபோதுதான் பார்த்தார். இடது பக்கம் முழுக்கக் கத்திரிக்காய் நிறம்.

"பொறுமைசாலின்னு நெனச்சேன்" என்பார் சயோகோ. "கடைசில பாத்தா வெறும் சுவரு."

இதே தவறை ரசிகர் மன்றமும் செய்தது. சாதனைக்காக அவர்கள் கொடுத்த கேடயத்தில், செதுக்கியவர் சாவுக்குப் பதில் நான்கைச் செதுக்கிவிட்டார். பொறுமையே இல்லாத மனிதர் அதன்படி நான்கு பந்து மன்னர். அது அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் புகையில் தொங்குகிறது. திருத்தி வாங்கச் சொன்னால், "சாப்பாட்டுக் கடையில சாவுன்னு எழுதி மாட்டச் சொல்றீங்களா?" என்று கேட்பார்.

வலியைப் பற்றி மினோவா பேசமாட்டார். தொப்பியைப் பற்றிப் பேசுவார். பேட்டரை அடித்துவிட்ட பிட்சர் தொப்பியைக் கழற்றித் தலை குனிய வேண்டும், அது வழக்கம். அடிபட்டவர் கையை உயர்த்திக் காற்றைத் தட்டிவிட்டு நடக்க வேண்டும். "அந்த வருஷத்துச் சிறந்த பிட்சர் விருது வாங்குனவன். என் வருஷச் சம்பளம் அவனுக்கு ஒரு வாரத்துக் காசு. எனக்குக் குனிஞ்சான்யா. நாப்பதாயிரம் பேர் பாக்க." வலைக்காரர் வீட்டுப் பிள்ளை அவர். மீன் ஏலக்காரர்கள் அவருடைய அப்பாவுக்கு எதிரே வாயில் இருந்த சிகரெட்டைக்கூட எடுத்ததில்லை.

தம் தொப்பியை மட்டும் அவர் கழற்றமாட்டார். சாயம் போன நீலத்தில், நாரையின் ஒரு கால் உதிர்ந்துபோன பழைய அணித் தொப்பி. அணியின் உரிமையாளர் கடைக்கு வந்து சாப்பிட்டபோதும் இவர் தொப்பியோடுதான் குனிந்தார். "குளிக்கிறப்ப கழட்டுவாரு. அதுவும் நான் பிடுங்குனாத்தான்" என்பது சயோகோவின் வாக்குமூலம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் இந்தக் கோடையில் ஷிரானே வந்தான். இருபத்து மூன்று வயது, நாரைகளுக்காக இரண்டாம் தளத்தைக் காக்கும் புதிய ஆட்டக்காரன், ஒல்லி. ஜூலை முடிவதற்குள் பதினைந்து முறை அடி வாங்கிவிட்டான். வாடகைக் கார் ஓட்டும் தமாரு கடையின் ஓர முக்காலியில் உட்கார்ந்து கணக்கை ஒப்பித்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, நேத்து ஒண்ணு. முழங்கையில."

"சின்னப் பையன். எலும்பு இன்னும் கெட்டிப்படல" என்றார் மினோவா. குரலில் அக்கறை வழிந்தது.

"அக்கறையா அண்ணே, இல்ல வேற எதாவதா?"

"நீ சாப்பிடு."

பயிற்சி முடிந்து ஷிரானே கடைக்கு வரும்போதெல்லாம் மினோவா அவனைப் பிடித்துக்கொண்டார். அவனுக்கு வலிக்கு ஒட்டும் மருந்துப் பட்டை கொடுத்தார். தடிமனான முழங்கைக் காப்பு நல்லது என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"ஊர்ல அப்பா அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க ஐயா."

"அப்ப கொஞ்சம் தள்ளி நில்லு. ஒரு அரையடி. உனக்காகத்தான் சொல்றேன்."

ஷிரானே பணிவாகத் தலையாட்டினான். மறுநாள் அதே இடத்தில் நின்று விலாவில் ஒன்று வாங்கினான். மினோவாவின் குச்சி அன்று மூன்று பந்துகளைக் கிழித்துவிட்டது.

செப்டம்பர் நடுவில் இருபத்திரண்டு வந்தது. சமம். தமாரு அன்று கேலியின் உச்சத்தில் இருந்தார்.

"அண்ணே, பலகையில உங்க பேரை எடுத்துட்டா அங்க யார் பேரைப் போடுவாங்க?"

"ஷிரானே பேரை."

"அப்ப இனிமே எந்தக் கழிப்பறைக்குப் போவீங்க?"

சயோகோ முகத்தை ஏப்ரனில் மறைத்துக்கொண்டு சிரித்தார். மினோவா சிரிக்கவில்லை. தட்டில் மாவு கருகும் வாசனை வந்தது. அவருடைய கடையில் யாரும் அதுவரை அறியாத வாசனை. தமாரு முக்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்கு நகர்த்தினார்.

அந்த வார இறுதியில் ஷிரானே வந்தான். இடது கையில் பனிக்கட்டிப் பை கட்டியிருந்தது. வலது கையால் குச்சியைப் பிடித்துச் சாப்பிட்டான். மினோவா கடைசியாக ஒரு முறை முயன்று பார்த்தார்.

"ஏம்ப்பா, உனக்கு வலிக்கலையா? தள்ளி நின்னா என்ன குறைஞ்சிடும்?"

ஷிரானே வாயில் இருந்த சூட்டை ஊதி ஆற்றிக்கொண்டு சொன்னான்: "எனக்கு அடிக்க வரலீங்க ஐயா. அடிபட்டாவது தளத்துக்குப் போகணும். இல்லேன்னா அடுத்த வருஷம் இரண்டாம் அணிக்கு அனுப்பிடுவாங்க. ஏற்கெனவே பேச்சு இருக்கு."

மினோவாவுக்கு அந்த வாக்கியம் புதிதல்ல. முப்பத்தாறு வருடங்களுக்கு முன் பயிற்சியாளரிடம் அவர் சொன்னதுதான், 'ஐயா' உட்பட. அவர் இரும்புத் தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஷிரானேயின் பொட்டலத்தில் எட்டுக்குப் பதில் ஒன்பது பந்துகள் இருந்தன. தள்ளி நில் என்று அதன்பிறகு அவர் சொல்லவில்லை.

சொந்த ஊரில் பருவத்தின் கடைசி ஆட்டம். போகமாட்டேன் என்று காலையிலேயே அறிவித்துவிட்டார். "கடையை யாரு பாக்கறது?" கடையில் ஆளே இல்லை, ஊர் முழுக்க உள்ளே இருந்தது. வானொலியில் ஷிரானே இரண்டு முறை வெறுமனே ஆட்டமிழந்தான். நான்காம் சுற்றில் மினோவா அடுப்பை அணைத்தார்.

"கழிப்பறைக்குப் போயிட்டு வரேன்."

"நானும் வரேன்" என்றார் சயோகோ, ஏப்ரனை அவிழ்த்தபடி.

"எனக்கும் வருது" என்று தமாருவும் எழுந்தார்.

பலகையைக் கடக்கும்போது மினோவா தம் தகட்டைச் சட்டைக் கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பிறகு மூவரும் கழிப்பறையைத் தாண்டி நேராக முதல் தளத்துப் பக்க இருக்கைகளுக்குப் போனார்கள்.

ஏழாம் சுற்றில் ஷிரானே மறுபடி வந்தான். பேட்டர் நிற்கும் கட்டத்தின் கோட்டை ஒட்டி, அதே இடத்தில் நின்றான். எதிரணிப் பிட்சர் அமெரிக்காவிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஆறடி ஐந்தங்குல மனிதன். இரண்டாவது பந்து உள்பக்கமாகப் பிசகி வந்தது. அரங்கில் அத்தனை பேரும் மூச்சை உள்ளே இழுத்துப் பின்னால் சாய்ந்தார்கள். ஒருவருடைய இடது தோள் மட்டும் முன்னால் போனது. அது தம் விலாவில் இடித்ததாகத் தமாரு பிறகு புகார் சொன்னார்.

பந்து ஷிரானேயின் முதுகில் பட்ட சத்தம் மேல் வரிசை வரை கேட்டது. முழங்காலில் விழுந்தான், எழுந்தான். இருபத்து மூன்று. மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பிட்சரைப் பார்த்தான்.

பிட்சர் முதுகைக் காட்டிப் புதுப் பந்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய நாட்டில் அதற்கெல்லாம் தொப்பி கழற்றுவதில்லை. இங்கே யாரும் அவனிடம் சொன்னதாகவும் தெரியவில்லை. அரங்கம் கூச்சலிட்டது. அது எதற்கென்று புரியாமல் அவன் பந்தைத் தேய்த்தான். ஷிரானே தேவைக்கு மேல் ஒரு கணம் அங்கேயே நின்றான். அப்புறம் இடது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, யாரும் குனியாத மைதானத்தில், முதல் தளத்துக்கு நடந்து வந்தான்.

"பாவம் அந்தப் பையன்" என்றார் தமாரு. "அடியும் வாங்கி, மரியாதையும் கிடைக்கல."

மினோவா எழுந்து நின்றார்.

"என்னங்க, எங்க போறீங்க?" என்றார் சயோகோ.

அவர் எங்கும் போகவில்லை. தளத்தில் வந்து நின்ற ஷிரானே தற்செயலாக இந்தப் பக்கம் திரும்பியபோது, மினோவா தம் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வெயிலே படாத அந்த வெள்ளைத் தலையை இடுப்பு வரை தாழ்த்தினார்.