நார் போட்டுக் கட்டிய பைப்

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், மயிலாப்பூரிலிருந்து இவரை அடையாறுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போகணும். ஆட்டோவில் போனால் திரும்பி வரும்போது குலுக்கலில் வாந்தி எடுத்துவிடுவார். அன்றைக்கு முழுக்க எழுந்திருக்க மாட்டார். அதனால் எங்கள் பழைய கார்தான். இவர் ஒரே வீட்டில் முப்பது வருஷம் டிரைவர். வேலையை விட்டு நின்றபோது அந்த முதலாளி கொடுத்த வண்டி. இப்போது பொண்ணு ஓட்டுகிறாள். தி.நகரில் வேலைக்குப் போகிறதுக்கு முன்னால் எங்களை இறக்கிவிடுவாள், மத்தியானம் பர்மிஷன் போட்டு வந்து கூட்டிப் போவாள்.

ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைக்கிறது எப்பவும் இவர்தான். இந்த வருஷம் அவரால் குனிய முடியவில்லை. நான் துடைத்தேன். வெளியே துடைத்ததோடு விட்டிருக்கலாம். பாத்திரம் தேய்க்கிற கை சும்மா இருக்குமா, பானெட்டைத் திறந்து உள்ளேயும் துடைத்தேன். எஞ்சினுக்குப் பின்பக்கம் விரல் தண்டி ரப்பர் பைப் ஒன்று துணியோடு கழன்று வந்துவிட்டது. திரும்பச் செருகினால் நிற்கவில்லை. பூ கட்ட நனைத்து வைத்த வாழைநார் பக்கத்தில் கிடந்தது. அதில் இரண்டு சுற்று சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டேன். இவரிடம் சொல்லவில்லை. வண்டியை யார் தொட்டாலும் இவருக்குப் பிடிக்காது. நானும் எதையும் வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை.

ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் சிக்னலில் நின்றாலே வண்டி உதற ஆரம்பித்தது. உதறி உதறி அணைந்துபோகும். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்து ரோடு பாதி ஆகிவிட்டது, பின்னால் வருகிறவன் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டான். ஒரு வெள்ளிக்கிழமை பாலம் ஏறுகிறதுக்குள் மூன்று தரம் நின்றது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இவருடைய முறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். சாயந்தரம் வரைக்கும் காத்திருந்தோம். இவருக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பொண்ணு சொன்னாள், "ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கார்ப்பா. வித்துடலாம். நடு ரோட்டுல திட்டு வாங்க என்னால முடியல."

இவர் வீங்கின காலை நீட்டி உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, "அப்ப ஆட்டோதானா?" என்றார்.

ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

சனிக்கிழமை கடைசியாக ஒரு தரம் பார்க்கலாம் என்று ராயப்பேட்டையில் பாயிடம் போனோம். பொண்ணு விட்டுவிட்டு பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டாள். பாய்தான் ரொம்ப வருஷமாக எங்கள் வண்டிக்கு மெக்கானிக். ஏற்கெனவே பிளக் மாற்றி, ஃபில்டர் மாற்றிப் பார்த்தவர்.

"இன்னா நைனா, இன்னும் அதே டான்ஸ்தானா?"

"நீ பாத்த வைத்தியம் அப்படி" என்றார் இவர்.

பாய் சிரித்துவிட்டு வண்டியை ஓடவிட்டுக் கேட்டார். "எங்கியோ ஏர் இழுக்குது. உள்ள அளவாத்தான் காத்து போவணும். ஓட்டை இருந்தா திருட்டுக் காத்து பூந்துக்கும், அதான் உதறுது." ஒரு டப்பாவை எடுத்து மூட்டு மூட்டாக ஸ்ப்ரே அடித்தார். ஓட்டையில் பட்டால் சத்தம் மாறுமாம். முன்பக்கம் அடித்தார், பக்கவாட்டில் அடித்தார். மாறவில்லை.

எனக்குத் தெரியும். பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவரே கண்டுபிடித்துவிடட்டும் என்று இருந்தேன்.

பாய் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "கேஸ்கெட்டா இருக்கும் நைனா. பிரிச்சுப் பாக்கணும். ஒரு பத்து நாளு ஆவும்."

"நாளைக்கு வித்துடப் போறாங்க. நீ யாருக்குப் பிரிக்கப் போற?" என்றார் இவர்.

"பாய்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கிட்டப் போய்ச் சொன்னேன். "பின்னாடி, அடியில ஒரு பைப் இருக்கு. அதுல அடிச்சுப் பாருங்க."

அடித்தார். எஞ்சின் சத்தம் சட்டென்று மாறியது. பாய் கையை விட்டு இழுத்தார். காய்ந்து சருகான நாரோடு பைப் வந்தது.

"இன்னாம்மா இது, மல்லிப்பூ மாதிரி கட்டிகீறீங்க. காஞ்சா லூசாவும்னு தெரியாது?"

டீ குடித்தவர்கள் சிரித்தார்கள்.

"நீயா?" என்றார் இவர்.

"ஆமா. பூஜைக்குத் தொடைக்கும்போது."

"இத்தினி நாளா வாயில இன்னா வச்சிருந்த?"

பாய்தான் பைப் நுனியைத் திருப்பிக் காட்டினார். வெடித்து, கல் மாதிரி இருந்தது. "ரப்பரே செத்துப்போச்சு நைனா. அம்மா தொடாட்டியும் இது கொஞ்ச நாள்ல புட்டுக்கும். திட்டாத."

புதுப் பைப் வெட்டிப் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் வைத்து முறுக்கினார். அவரே ஓட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். வழியில் நாலு சிக்னல். எதிலும் அணையவில்லை. இவர் பொண்ணுக்குப் போன் போட்டு, "அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிடு" என்றார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஞாயிறும் பேசவில்லை, திங்களும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை நேரத்துக்கே போய்ச் சேர்ந்தோம். கட்டில் கிடைத்தது. ஊசி குத்தும்போது முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போய் எதுனா சாப்பிடு" என்றார்.

எனக்குப் பசிக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். நாலு மணி நேரம் ஆகும். திரும்ப வெள்ளிக்கிழமை வரணும்.